இரும்பு தாங்கும் எல்லை

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் இருக்கும் நெல்லிக்குப்பத்தில் 1842-இல் பாரி நிறுவனம் சர்க்கரை ஆலை அமைத்தது. சிதம்பரத்துக்கு மேற்கே சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை ஒன்று இருக்கிறது. அரவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் இரவு பகல் பாராமல் ஒரு சோதனை நடந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். அதில் ஆல்ஃபா நாஃப்தால் கரைசல் சில சொட்டு விடுவார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை ஓரமாக வழியவிடுவார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா நிற வளையம் தெரிந்தால் அந்த நீரில் சர்க்கரை கலந்திருக்கிறது என்று பொருள். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனையைக் கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் பலர் செய்து பார்த்திருப்பார்கள்.

சர்க்கரை ஆலையில் சர்க்கரையைக் கண்டு எதற்குப் பயப்பட வேண்டும்? அந்த நீர் பாய்லருக்குப் போகிற நீர். சாற்றைச் சுண்டவைக்கும் எவாபரேட்டர்களில் குழாய்க்கு ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் நீராவி. வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆவி குளிர்ந்து நீராகிறது. கன்டென்சேட் என்று ஆலையில் சொல்லும் இந்தத் தூய நீரைத்தான் திரும்பவும் பாய்லருக்கு அனுப்புகிறார்கள். எவாபரேட்டர் குழாயில் ஊசித்துளை விழுந்தாலோ, கொதிக்கும் சாறு பொங்கி ஆவியோடு சேர்ந்து போனாலோ, சர்க்கரை பாய்லருக்குள் நுழைந்துவிடும். 250 டிகிரி செல்சியஸைத் தொடும் பாய்லர் நீரில் சர்க்கரை சிதைந்து கரிம அமிலங்களாக மாறும். காரத்தன்மையோடு பிஹெச் 10-க்குப் பக்கத்தில் வைத்திருந்த நீர் அமிலப் பக்கம் சரியும். பாய்லர் குழாய்களின் உட்புறத்தில் மேக்னடைட் என்கிற மெல்லிய கருப்புப் படலம் இருக்கிறது. எஃகைக் காப்பது அதுதான். அந்தப் படலம் கரைந்தால் வெறும் இரும்பு சூடான அமிலத்தின் முன்னால் நிற்கும்.

ஆகவே ஊதா வளையம் தெரிந்த கணமே கன்டென்சேட்டைப் பாய்லருக்குப் போகவிடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். பாய்லர் நீரின் பிஹெச்சைப் பார்ப்பார்கள்; தேவையானால் காரம் சேர்த்து, பழைய நீரின் ஒரு பகுதியை வெளியேற்றுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது வளையத்தின் நிறம் மட்டுமல்ல. வளையம் தெரிந்தால் எவ்வளவு நேரத்துக்குள் செயல்பட வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. யார் சொன்னால் வால்வு திரும்பும் என்பதும் முடிவாகியிருக்கிறது. ஷிப்டில் இருக்கும் கெமிஸ்ட் போனை எடுத்துச் சொன்னால் போதும்; மேலாளரை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஓர் எண், ஒரு கெடு, செயல்பட அதிகாரம் உள்ள ஓர் ஆள் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது எல்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சுவரில் ஒட்டிய காகிதம்தான் என்று நான் நினைக்கிறேன். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதே.

முதலில் இரும்பு ஏன் அரிக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அதற்குச் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பகுதித் தாதுவை மரக்கரி போட்டு உருக்கினார்கள். அங்கே செய்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. உலைக்குள் நடந்தது ஒன்றுதான்: தாதுவில் இரும்போடு பிணைந்திருந்த ஆக்சிஜனை, ஏராளமான வெப்பம் செலவிட்டுக் கரி பிடுங்கிக்கொண்டது. அப்படிப் பிரித்தெடுத்த இரும்பு நிம்மதியாக இருப்பதில்லை. நீரும் ஆக்சிஜனும் கிடைத்தால் மறுபடியும் ஆக்சைடாகவே மாறப் பார்க்கும். ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜனோ அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியோ அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. உலையில் நடந்தது பின்னோக்கி நடப்பதுதான் துரு. இதை நிறுத்த முடியாது. எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்பதை மட்டுமே நாம் முடிவு செய்ய முடியும். அந்த வேகத்தை முடிவு செய்பவை வெப்பநிலை, பிஹெச், குளோரைடு அளவு, ஈரம், திரவம் ஓடும் வேகம் ஆகியவை. ஆலையை ஓட்டுபவர் ஒவ்வொரு மணியும் மாற்றிக்கொண்டிருப்பதும் இவற்றைத்தான்.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது தெரியும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்காதே, களிம்பு ஏறும் என்பார்கள். எந்த உலோகம், எந்த அமிலம் என்ற இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

ஆலைகளில் இதை முறைப்படுத்தி எழுதிவைக்கும் வழக்கம் படிப்படியாக வந்தது. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் 2014-இல் 584 என்ற எண்ணிட்ட பரிந்துரை நடைமுறையை வெளியிட்டது. கருவிகளின் உறுதி கெடாமல் ஆலையை ஓட்டுவதற்கான எல்லைகள் பற்றியது அது. பொறியாளர்கள் ஐஓடபிள்யூ என்று சுருக்கிச் சொல்வார்கள். எல்லைகளை அது மூன்று தரமாகப் பிரிக்கிறது. முதல் தரத்தைத் தாண்டினால் ஆபரேட்டர் உடனே செயல்பட வேண்டும்; மோலிஷ் வளையம் அந்தத் தரம். மூன்றாம் தரத்தில் ஆபரேட்டருக்கு வேலை எதுவும் இல்லை. அரிப்பைப் பற்றித் தெரிந்த பொறியாளர் நீண்டகாலப் போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பதுதான் சிக்கலானது. அதைத் தாண்டினால் இன்று ஒன்றும் ஆகாது. ஆனால் குறித்த நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் கருவியின் ஆயுள் போய்விடும்.

நெல்லிக்குப்பத்துக் கரும்பையே எடுத்துக்கொள்வோம். பிழிந்த சாற்றின் பிஹெச் 5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். அப்படியே காய்ச்சினால் இரண்டு நஷ்டம். சுக்ரோஸ் உடைந்து படிகமாகாத சர்க்கரைகளாகும், எஃகும் கரையும். அதனால் சுண்ணாம்புப் பால் சேர்த்து 7-க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். கூடுதலாகச் சேர்த்தால் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். அதுவும் சரிவராது. பிஹெச் ஏறினால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சிதைந்து சாறு கருக்கும். சுண்ணாம்பு குழாய்களில் படிந்து கெட்டியாகும். படிவைக் கழற்ற அமிலம் போட வேண்டியிருக்கும், அந்த அமிலம் குழாயையே தின்னும். எல்லைக்குக் கீழேயும் இழப்பு, மேலேயும் இழப்பு.

ஒரு ஷிப்ட் முழுவதும் பிஹெச் சற்றுத் தாழ்ந்தே ஓடினால் குழாய் வெடிக்காது, அலாரம் அலறாது, சர்க்கரை மூட்டை வழக்கம்போல் வெளியே போகும். அரிப்பு தன் கணக்கை வேறு விதமாக எழுதும். கற்பனையாக ஒரு குழாயை வைத்துக்கொள்வோம். தேய்மானத்துக்கென்று வடிவமைப்பாளர் 3 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் கொடுத்திருக்கிறார். சரியான எல்லைக்குள் ஓடினால் ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர் தேய்கிறது. 20 ஆண்டு தாங்கும். எல்லை தாண்டிய நாட்களில் அதே குழாய் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் தேய்கிறது என்போம். அப்படியானால் இரண்டே வாரத்தில் ஒன்பது மாத ஆயுள் போய்விட்டது. அந்த இரண்டு வாரத்தை யாரும் எழுதிவைக்கவில்லை என்றால், அடுத்த தடிமன் அளவீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர் பழைய கணக்கை நம்பியே தேதி குறிப்பார். எல்லை தாண்டினால் பரிசோதனைத் திட்டத்தைத் திருத்த வேண்டுமா என்று பார்க்கும்படி அந்தப் பரிந்துரை சொல்வது இதனால்தான். லாக் புக்கை அலட்சியமாக நிரப்புவதைப் போல ஓர் ஆலைக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் சாலையில் வந்தால், உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை நீள்கிறது. மருந்து மூலப்பொருள், சாயப்பொருள், பூச்சிமருந்து, பிவிசி என்று பல வகை வேதி ஆலைகள். இத்தகைய ஆலைகளில் கந்தக அமிலம் அன்றாடப் பொருள். அதன் நடத்தை முதலில் கேட்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும். 98 சதவீத அடர் அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். அமிலம் முதலில் கொஞ்சம் இரும்பைத் தின்று இரும்பு சல்ஃபேட் படலத்தை உண்டாக்கும். அந்தப் படலமே மீதி இரும்பைக் காக்கும். அமிலத்தில் நீர் கலந்து 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் படலம் கரையும், எஃகு வேகமாக அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவரும். வீரியம் குறைந்த அமிலம்தான் இங்கே ஆபத்தானது.

எனவே தொட்டிக்கு மூன்று எல்லைகள் வேண்டும். அடர்த்தி குறையக் கூடாது. வெப்பநிலை ஏறக் கூடாது. குழாயில் ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் படலத்தை ஓட்டமே அடித்துக்கொண்டு போய்விடும். உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று யாரோ பெரிய பம்ப் ஒன்றை மாட்டினால், அமிலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே குழாய் வளைவுகள் ஓட்டையாகத் தொடங்கும். கடலூர் போன்ற ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. தொட்டியிலிருந்து அமிலத்தை எடுக்கும்போது காலியாகும் இடத்துக்கு வெளிக்காற்று நுழைகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் அந்தக் காற்றில் ஈரம் நிறைய. சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய அமிலப் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப்போகும். அதைத் தடுக்கக் காற்று நுழையும் வாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிய குப்பி வைப்பார்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது, வாரத்தில் எந்த நாளில் பார்ப்பது என்று எழுதாத ஆலையில் அந்த மணிகள் மாதக்கணக்கில் இளஞ்சிவப்பாகவே கிடக்கும்.

எல்லை உலோகத்தைப் பொறுத்தது என்பதற்குக் குளோரின் வாயுவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மேட்டூரிலும் காரைக்காலிலும் உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் ஆலைகள் உண்டு. உலர்ந்த குளோரினுக்குச் சாதாரண எஃகு போதும். ஈரம் ஏறினால் அதே எஃகு நாசமாகும். டைட்டானியமோ ஈரக் குளோரினைத் தாங்கும். முற்றிலும் உலர்ந்த குளோரினில் தீப்பிடித்து எரியும். ஒரே வாயு, ஒரே அளவுகோல், இரு உலோகங்களுக்கு நேரெதிரான எல்லைகள். எஃகை எடுத்துவிட்டு வேறு உலோகத்தை மாட்டினால் பழைய எல்லைப் பட்டியல் கொலைகாரனாக மாறக்கூடும்.

கடற்காற்றை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புத்தக எல்லைகள் பெரும்பாலும் குழாய்க்கு உள்ளே ஓடும் திரவத்தைப் பற்றியே பேசும். கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் அரிப்புக்கும் அதே அளவு கவனம் வேண்டும். கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அவ்வளவு வறண்ட காற்று இந்தக் கரையில் அபூர்வம். ஆகவே நம் கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் குழாயின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் ஏறக்குறைய எப்போதும் இருக்கிறது.

குழாய்க்கு வெப்பம் வெளியேறாமல் காப்புறை சுற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மழைநீரும் உப்பும் உறைக்குள் புகுந்து தேங்கும். எஃகுக் குழாய் 175 டிகிரிக்கு மேல் ஓடினால் உள்ளே புகுந்த நீர் ஆவியாகிவிடும். அதற்குக் கீழே, குறிப்பாக 100 டிகிரியை ஒட்டி ஓடும்போது, சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து மிக வேகமாக அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கோ 60 டிகிரிக்கு மேல் குளோரைடு சேர்ந்தால் மயிரிழை விரிசல்கள் விழும் அபாயம். இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை. சந்தை மந்தம், பாதி உற்பத்தி போதும் என்று 200 டிகிரியில் ஓடிய குழாயை 110 டிகிரிக்குத் தணித்தால், ஆலை பத்திரமான பக்கம் நகர்ந்ததாக எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அந்தக் குழாய் அப்போதுதான் ஆபத்தான வரம்புக்குள் நுழைந்திருக்கிறது. எந்த அலாரமும் இதற்கு ஒலிக்காது, ஏனென்றால் அலாரங்கள் பெரும்பாலும் மேல் வரம்புக்கே வைக்கப்படுகின்றன.

ஓடாத ஆலைக்கும் எல்லை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, கடலூருக்குத் தெற்கே நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. புயல் பலத்த சேதம் விளைவித்தது. ஆலை முடிக்கப்படாமலே நின்றுபோனது. அப்படி நின்றுவிடும் கலன்களைக் காப்பாற்ற வேண்டுமானால் உட்புறத்தைக் காயவைத்து, நைட்ரஜன் நிரப்பி மூட வேண்டும், அல்லது உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி உலர்காற்று ஓட்ட வேண்டும். அதையும் ஒருவர் தினமும் அளந்து எழுத வேண்டும். அரவை முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் சர்க்கரை ஆலைக்கும் இதே கதிதான். பல பாய்லர் குழாய்கள் ஓடும் காலத்தைவிட ஓயும் காலத்தில்தான் அதிகம் இழக்கின்றன.

இந்தக் கரைக்கான எல்லை எண்ணை எங்கிருந்து பெறுவது? காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, எடை இழப்பை அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தது. மண்டபம் கடற்கரையில் அது நடத்திய சோதனைகள் நம் கரையோரக் காற்றின் கடுமையைக் காட்டின. ஆலைக்குள்ளும் இதே எளிய வழி செல்லுபடியாகும்: எடை பார்த்த சிறு தகட்டைக் குழாயில் தொங்கவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி எடை பார்ப்பது. வெளிநாட்டு அட்டவணையிலிருந்து எடுத்த எண்ணைவிட அந்தத் தகடு சொல்லும் எண்ணை நான் மதிப்பேன்.

ஏனென்றால் அட்டவணைகளும் தவறலாம். சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதிலிருக்கும் கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, எஃகை உள்ளிருந்து பிளக்கும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் இது நடக்காது என்று ஜார்ஜ் நெல்சன் 1949-இல் கோடுகள் வரைந்தார். ஆலைகளின் அனுபவத்திலிருந்து தொகுத்த கோடுகள் அவை. 2010 ஏப்ரல் 2 நள்ளிரவு கடந்த வேளையில் அமெரிக்காவின் அனகார்டஸ் நகரில் டெசோரோ சுத்திகரிப்பு ஆலையின் வெப்பப் பரிமாற்றக் கலன் ஒன்று இந்த வகைச் சேதத்தால் பிளந்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். உடைந்த பகுதி நெல்சன் கோட்டுக்குக் கீழே, அதாவது பத்திரம் என்று கருதிய பக்கத்தில்தான் ஓடியிருக்கிறது என்று விசாரணை காட்டியது. அதோடு, அந்தக் கலனின் உண்மையான வெப்பநிலையை அறியப் போதிய அளவீட்டுக் கருவிகளும் அங்கே இல்லை. இதற்குப் பிறகுதான் கார்பன் எஃகுக்கான கோட்டைத் திருத்தினார்கள். அளக்காத இடத்துக்கு எல்லை வகுத்திருந்தார்கள் என்பதே எனக்கு அதில் பெரிய துயரமாகப் படுகிறது.

விஷவாயு கசிந்த போபால் ஆலையில் எண் சரியாகவே இருந்தது. மெத்தில் ஐசோசயனேட்டை 0 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும். 11 டிகிரியில் அலாரம். 1984 ஜூனில் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு தொட்டி அந்த எண்ணுக்கு மேலேயே கிடந்தது, அலாரத்துக்கு வேலையில்லாமல் போனது. டிசம்பரில் நீர் புகுந்து வினை மூண்டபோது, தொட்டியின் எஃகு அரித்துக் கரைந்த இரும்பும் வினையூக்கியாகச் சேர்ந்துகொண்டது. எல்லையை மீறி ஆறு மாதம் ஒன்றும் ஆகாமல் இருந்ததால், மீறலே வழக்கமாகிவிட்டிருந்தது.

இரவு மூன்று மணி ஷிப்டில் இருப்பவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் முடித்த இளைஞராக இருக்கலாம். சமன்பாடுகள் அவருக்குத் தெரியும். திரையில் எண் சிவப்பாகும்போது உற்பத்தியைக் குறைக்க அவருக்கு அனுமதி உண்டா, குறைத்தால் காலையில் அவரை யார் திட்டுவார்கள் என்பதெல்லாம் சமன்பாட்டில் இல்லை. எல்லைப் பட்டியலை எழுத உட்காரும் மேசையில் அரிப்புப் பொறியாளர், இன்ஸ்பெக்டர் ஆகியோரோடு ஆபரேட்டரும் இருந்தே ஆக வேண்டும். எந்த எண்ணைக் காப்பாற்ற முடியும், எதைத் தினம் மீற வேண்டியிருக்கிறது என்று அவர்தான் சொல்வார். தினமும் மீறும் எண்ணைப் பட்டியலில் வைத்திருந்தால், மற்ற எண்களையும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

சிப்காட் வேலிக்கு வெளியே குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று கிராமங்கள் இருக்கின்றன. 2004-இல் இங்குள்ளவர்கள் சிலர் சிப்காட் பகுதிச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். பக்கெட்டுக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வேதிப்பொருட்கள் பல அதில் தெரியவந்தன. அந்த நோட்டு வேலிக்கு வெளியே எழுதப்பட்ட லாக் புக். கசிவு எங்கிருந்து, எதனால் என்பதை அது சொல்லாது. ஆனால் உள்ளே உள்ள லாக் புக்கோடு தேதி வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த இணைப்பு, எந்த வால்வு என்று தேடத் தொடங்கலாம். அப்படி ஒப்பிட இரண்டு நோட்டும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையின் ஆபத்துகளையும் விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 1989-இன் அபாயகர வேதிப்பொருள் விதிகளும் பெரு விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தகவல் தரச் சொல்கின்றன. இவற்றோடு இன்னொரு தகவலையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: கடந்த ஆண்டில் முதல் தர எல்லைகளை ஆலை எத்தனை தடவை தாண்டியது, ஒவ்வொரு தடவையும் எத்தனை நேரத்தில் திரும்பியது, அதன்பின் எந்தக் கருவியைத் திறந்து பார்த்தார்கள். வியாபார ரகசியம் எதுவும் இதில் இல்லை. ஒரு பக்கத்தில் அடங்கும். கிராம சபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட பத்து நிமிடம் போதும்.